ஜனவரியில் அடித்த பலகை

எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவர் நாறியது. எழுத ஒரு வரிதான் ஆகிறது. வாயால் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஏப்ரல் கடைசியில், ஏரியின் பனிக்கட்டி உடைந்த வாரத்தில், ஆர்லனைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவனுக்கு ஐம்பத்தேழு. இருவருக்கும் இது இரண்டாவது. நான் விவாகரத்து ஆனவள். அவன் மனைவி ஜோலீன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வருடம் முழுக்க வானிலையைப் பற்றி மட்டுமே பேசி என்னைக் காதலித்தவன் ஆர்லன். வட மினசோட்டாவில் அது வேகமான காதல்தான்.

முதல் நாளே அந்த வாடை மூக்கில் ஏறியது. நான் இருபது வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். திரிந்த பால், கோடை விடுமுறையில் மறந்துபோன உருளைக்கிழங்கு மூட்டை, அடைத்துக்கொண்ட சாக்கடை, எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது எதிலும் சேரவில்லை. ஈரக் கம்பளியை மூத்திரத்தில் நனைத்து அலமாரிக்குள் பூட்டி வைத்தது போல இருந்தது. அதன் மேல் ஆர்லன் தெளித்து வைத்திருந்த பைன் வாசனைத் திரவத்தின் தித்திப்பு வேறு. அந்தத் தித்திப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"ரூம் எப்படி?" என்றான், என் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே.

"நல்ல வெளிச்சமா இருக்கு," என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. எதையும் நன்றாக இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். பரிமாறியதை விழுங்க முடியவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்போம். காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போனால் "அவ்வளவு மோசமில்ல" என்பார். அதே ஊரில் பிறந்தவள்தானே நானும். தலையணையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் மாதம் வெயில் ஏறியதும் சுவர் சத்தம் போடத் தொடங்கியது. மரவீடு அது. மரத்துக்கு மேலே வெளிப்பக்கம் முழுவதும் வெளிறிய பச்சை நிறத்தில் வினைல் என்ற பிளாஸ்டிக் பலகைகள். மாலை வெயில் பட்டதும் அவை அலையலையாகப் புடைத்து, 'டக், டக்' என்று தெறிக்கும். பலகைகள் இணைகிற இடங்கள் வாயைப் பிளந்து நின்றன. பிளவுகளுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் நீண்ட ஒழுகல் கறைகள். இருட்டத் தொடங்கினால் அந்தப் பிளவுகளிலிருந்து வவ்வால்கள் ஒவ்வொன்றாக நழுவி வெளியே வரும். ஒருநாள் பாத்திரம் கழுவியபடி எண்ணினேன். நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு, அதற்கு மேல் எண்ணப் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பலகைகளை அடித்தவன் வென்டெல், ஜோலீனின் தம்பி. கூரை வேலைக்காரன். நல்ல மனசு. தன் அக்கா இடத்துக்கு வந்தவள் என்று என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. முதல் வாரத்திலிருந்தே என்னையும் "அக்கா" என்றுதான் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஏழு வருடத்துக்கு முன், ஒரு ஜனவரியில், கூரை வேலை எதுவும் இல்லாத சமயத்தில், அக்காவுக்காகச் சும்மா வந்து இந்த வீட்டுக்குப் பலகை அடித்துக் கொடுத்திருக்கிறான்.

"கையுறைக்குள்ள விரலே இல்லாத மாதிரி இருந்துச்சுக்கா," என்று பெருமையாகச் சொல்வான். "அந்தக் குளிர்லயும் ஒரு ஆணி ஆடாது பாருங்க. இறுக்கி அடிச்சிருக்கேன்."

"ஆமா, நல்ல வேலை," என்பான் ஆர்லன்.

அந்த நேரம் சுவர் 'டக்' என்று தெறிக்கும். மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

ஜூலை பத்தாம் தேதி, சாப்பாடு முடிந்து படுக்கை விரிக்கப் போனேன். என் தலையணையில் ஏதோ கிடந்தது. கட்டைவிரல் அளவு. இளஞ்சிவப்பாக, மயிரில்லாமல், ஈரமாக. மெல்ல அசைந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரிந்திருந்த இடுக்கு வழியாக விழுந்த வவ்வால் குட்டி. அதற்குப் பின்னால் கருப்பு அரிசி போலப் புழுக்கைகள் தலையணை உறைமேல் சிதறிக் கிடந்தன. அன்று காலைவரை என் கன்னம் இருந்த இடம்.

கூடத்துக்குப் போனேன். ஆர்லன் மீன்பிடித் தூண்டிலுக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஆர்லன், அந்தச் சுவர் நாறுது."

அவன் நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் கெட்ட வார்த்தை பேசியது போல அவன் காது சிவந்தது.

"பழைய வீடு..." என்றான்.

"பழைய வீடு நாறலாம். இது அழுகுது. பலகையை எல்லாம் பிரிச்சுட்டு வேற போடணும்."

"போடலாம் போடலாம். நேரம் பாத்துப் போடணும் இல்ல?"

"எந்த நேரம்?"

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பருவ ஆராய்ச்சி. வசந்த காலத்தில் செய்யலாமே என்றால், பனி உருகி மரமெல்லாம் ஈரமாக இருக்கும் என்றான். கோடையில் என்றால் குளவி இருக்கும், அதோடு மீன் கடிக்கிற காலம். இலையுதிர் காலத்தில் என்றால் காட்டுக்கோழி வேட்டை, அது முடிந்தால் மான் வேட்டை. எந்த வீட்டு ஆண்பிள்ளையும் ஊரில் இருக்க மாட்டான்.

"அப்ப மிச்சம் இருக்கறது குளிர்காலம்தான்," என்றேன்.

"அதான் நானும் சொல்றேன். ஜனவரில வென்டெல் சும்மாதான் இருப்பான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வென்டெலிடம் பேசினான். எப்படிப் பேசினான் என்றால், "மார்லிஸுக்கு அந்தப் பச்சை நிறம் அவ்வளவா பிடிக்கல போல," என்று. வென்டெல் என் பக்கம் திரும்பி, "அதுக்கென்னக்கா, ஜனவரில வந்து வேற கலர்ல அடிச்சுடறேன்," என்றான். சிரித்த முகமாக. அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் தலையாட்டினேன். பிறகு குளியலறைக்குப் போய், என் மேலேயே எனக்கு வந்த அருவருப்பில் முகத்தை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மருந்துக்கடைக்கு மேலே நான் முன்பு இருந்த வாடகை வீடு செப்டம்பர் முடிய என் பெயரில்தான் இருந்தது. அதை ஆர்லனுக்கு நினைவுபடுத்தினேன். "சுவர் சரியாகலன்னா நான் அங்க திரும்பிப் போயிடுவேன். மிரட்டறேன்னு நெனக்காதே. எனக்கு மூச்சுவிட முடியல." அவன் அன்று மாலை ஏரிக்குப் போய் நேரம் கழித்து வந்தான், ஒரு மீனும் இல்லாமல்.

வெளிப்பலகை வேலைசெய்யும் ஷெரிலை நானே கூப்பிட்டேன். சிகாகோவில் வளர்ந்தவள், எங்கள் ஊர் மரியாதை அவளுக்குப் பழகவில்லை. சுவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதை எந்த முட்டாள் குளிர்காலத்துல அடிச்சான்?" என்றாள்.

ஆர்லன் கேட்டான், "எப்படித் தெரியும்?"

"குளிர்ல பிளாஸ்டிக் சுருங்கும் சார். அப்ப அளவு பாத்து இடைவெளி இல்லாம வெட்டி, ஆணியை இறுக்கி அடிச்சா, வெயில் வந்ததும் அது எங்க போகும்? வெளிய புடைக்கும். இது மரப்பலகை இல்ல. ஆணியில தொங்கணும், நெம்பினா அசையணும்." ஒரு பலகையைக் கையால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. "பாருங்க, சிலுவையில அறைஞ்ச மாதிரி அறைஞ்சிருக்கான். இதுல பாதி ஆணிப் பக்கத்துல கீறல் வேற. குளிர்ல அடிச்சா கண்ணாடி மாதிரி உடையும்."

"இப்பவே பிரிச்சிடலாமா?" என்றேன்.

"இப்ப வேண்டாம்மா. உள்ள குட்டி இருக்கு. பறக்கத் தெரியாத குட்டியை உள்ள வெச்சுக் கலைச்சா, அம்மா வவ்வால் போயிடும், குட்டி சுவருக்குள்ள செத்து அழுகும். அப்ப இன்னிக்கு அடிக்கிற வாடை ரோஜாப்பூ மாதிரி இருக்கும். ஆகஸ்ட் பாதி தாண்டட்டும். செப்டம்பர் ரெண்டாவது வாரம் வரேன். சூடும் இல்ல, குளிரும் இல்ல, மழை கம்மி, மரம் காஞ்சிருக்கும். இந்த ஊர்ல பலகை மாத்தணும்னா அந்த மூணு வாரம்தான் வாரம். அதை விட்டீங்கன்னா மே கடைசி வரை காத்திருக்கணும்."

போகும்போது, பலகையைக் கழற்றும் சின்னக் கொக்கி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். "வவ்வால் போனதும் ஒரு பலகையைக் கழட்டிப் பாத்துச் சொல்லுங்க. எவ்வளவு மரம் கொண்டுவரணும்னு எனக்குத் தெரியணும்."

ஷெரில் வரப்போவதை ஆர்லன் வென்டெலிடம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முழுவதும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். நான்கு தடவையும் வாயைத் திறந்தான், நான்கு தடவையும் உப்பைக் கேட்டான்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. வவ்வால்கள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆர்லன் படகைக் கழுவப் போயிருந்தான். நான் ரப்பர் கையுறை, முகமூடி, சமையலறையில் போடும் தலைத்தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஏணியில் ஏறினேன். கொக்கியைப் பலகையின் அடிவிளிம்பில் விட்டு இழுத்தேன்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு பலகை பிய்த்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே சுவரின் வயிறு சரிந்தது.

அதைச் சரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காப்பிப்பொடி மூட்டையை அவிழ்த்துவிட்டது போலப் புழுக்கை கொட்டியது. என் மார்பில், கையுறைக்குள், சட்டைக் கழுத்துக்குள். அதில் காய்ந்துபோன குட்டி வவ்வால்கள், திராட்சை வற்றல் மாதிரி. பழைய குளவிக்கூடு. பெரிய கருப்பு எறும்புகள் தங்கள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு என் மணிக்கட்டில் ஓடின. பலகைக்கு அடியில், ஈரம் ஏறாமல் மரத்தைச் சுற்றும் காப்புத்தாள் ஒரு துண்டுகூட இல்லை. பலகை அடித்த அன்றைக்குக் காற்று பலமாக இருந்ததால் தாளைச் சுற்றாமலே விட்டுவிட்டதாக வென்டெல் ஒரு தடவை வேடிக்கையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. மரம் கருத்துப் பளபளத்தது. விரலை வைத்தேன். பாலில் ஊறிய ரொட்டிக்குள் போவது போல இரண்டாவது கணு வரை போயிற்று. அந்த ஓட்டை வழியாக வந்த காற்றை என்னால் தாங்க முடியவில்லை. ஏணியிலிருந்து இறங்கி, முகமூடியைக் கழற்றி, ஜோலீன் நட்ட பியோனிப் பூச்செடிகளுக்குள் வாந்தி எடுத்தேன்.

ஆர்லன் வந்தபோது நான் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

"அடிபட்டுச்சா?" என்றான் ஓடிவந்து.

"இல்ல. மேல ஏறு."

"மார்லிஸ்..."

"ஏறு ஆர்லன். ஏறி மூக்கை வெச்சு மோந்து பாரு."

ஏறினான். முகத்தைச் சுவரருகே கொண்டுபோனான். நிறைய நேரம் அங்கேயே நின்றான். கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"இந்த வாடைதான்," என்றான்.

"எந்த வாடை?"

"ஜோலீன் படுக்கையில இருந்தப்ப அடிச்ச வாடை." புல்லைப் பிடுங்கினான். "ஒரே ஒரு தடவை சொன்னா, ரூம்ல என்னவோ நாறுது, கூடத்துல படுக்கறேன்னு. நான் அவ நோயோட வாடைன்னு நெனச்சேன், மார்லிஸ். மருந்து வாடை, அந்த மாதிரி. அவ மனசு நோகக்கூடாதுன்னு, எனக்கு ஒண்ணும் தெரியலயேன்னு சொன்னேன். கடைக்குப் போய் வாசனை மருந்து வாங்கிட்டு வந்து தெளிச்சேன். அதுக்கப்பறம் அவ கேக்கவே இல்ல. ரெண்டு வருஷம் அந்தச் சுவத்துக்குத் தலை வெச்சுப் படுத்திருந்தா."

நான் அவனைத் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும் என்று இப்போது யாராவது சொல்லலாம். என் கையெல்லாம் புழுக்கை. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் மேலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. தன் மூக்கையே நம்பாமல், செத்துக்கொண்டிருந்தவளை நாற்றத்துக்குப் பொறுப்பாக்கி, அதற்குப் பெயர் மரியாதை என்று வைத்துக்கொண்டவன். நாளைக்கு நான் படுக்கையில் விழுந்தால் எனக்கும் அதைத்தான் தெளிப்பான்.

"நாளைக்கு வென்டெல் வருவான்," என்றேன். "நீ சொல்லணும். உனக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன். சொல்லலன்னா திங்கக்கிழமை காலையில நான் என் வீட்டுக்குப் போயிடறேன். அப்பறம் ஷெரில் வந்தாலும் வராட்டாலும் எனக்கு ஒண்ணுதான்."

மறுநாள் மதியம் வென்டெல், ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத் தட்டு ஒன்றோடு வந்தான். ஜன்னலுக்குக் கீழே பலகை இல்லாததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் ஓவனிலிருந்து எடுத்து வைத்தேன்.

"ஒரு பலகை கழண்டிருக்கு போல மச்சான்," என்றான்.

"ம்."

"பாத்தேன். அவ்வளவு மோசமில்ல. மேலாப்புல கொஞ்சம் ஈரம் பிடிச்சிருக்கு. ஒரு ஒட்டுப் போட்டு இப்போதைக்கு மூடிடுவோம். ஜனவரில..."

ஆர்லன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மோசமாத்தான் இருக்கு, வென்டெல்," என்றான்.

"என்னது?"

"நீ அடிச்ச பலகை. ஆரம்பத்துலேர்ந்தே மோசம். அழுகிடுச்சு. ஷெரில்னு ஒருத்தங்க செப்டம்பர்ல வந்து எல்லாத்தையும் பிரிச்சுப் போடறாங்க. ஜனவரில நீ வர வேண்டாம். எந்த ஜனவரிலயும் வேண்டாம்."

வென்டெலின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. இறங்க வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட சிரிப்பு.

"ஏழு வருஷமா நல்ல வேலைன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல மச்சான்?"

"சொல்லியிருக்கணும். நீயும்தான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை இங்க உக்காந்து சாப்பிட்டே. உனக்கு மூக்கு இல்லயா?"

வென்டெல் பலகாரத்தின் விளிம்பைக் கையால் தட்டிச் சரிசெய்தான். "தெரியும்," என்றான், தட்டைப் பார்த்து. "முதல் கோடையிலயே புடைக்கறதைப் பாத்தேன். ரெண்டாவது கோடையில வாடை. யாராவது ஒரு வார்த்தை சொன்னா, அன்னிக்கே வந்து பிரிச்சுடலாம்னு இருந்தேன். நீங்க யாரும் ஒண்ணும் சொல்லல. அக்காவும் சொல்லல. அப்ப உங்களுக்கு அது பரவாயில்ல போலன்னு நெனச்சேன்."

"அக்கா சொன்னா," என்றான் ஆர்லன். "என்கிட்ட. ஒரு தடவை."

எனக்கு அந்த மேசையைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஏழு வருடம். ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகவிடாமல், அழுகலுக்கு முன்னால் உட்கார்ந்து, பலகாரம் சாப்பிட்டு, நன்றி சொல்லி, கைகுலுக்கி. நடுவில் ஒருத்தி படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்திருக்கிறாள். வென்டெல் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். கதவருகே, "சாப்பாடு நல்லா இருந்துச்சுக்கா," என்றான்.

"நீ ஒரு வாய்கூடச் சாப்பிடல வென்டெல்," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் ஆர்லன் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் திங்கட்கிழமை போகவில்லை. கூடத்தில் மெத்தையைப் போட்டு இருவரும் அங்கே படுத்தோம்.

ஷெரில் சொன்ன நாளில் வந்தாள். வானம் துடைத்தது போல இருந்தது. காற்றில் ஈரமே இல்லை. நான்கு பேர் சேர்ந்து மேற்குச் சுவரைப் பிரித்தார்கள். மூன்று ஜன்னல் அகலத்துக்கு மரம் கையோடு வந்தது. சுவரைத் தாங்கும் அடிக்கட்டையும் அழுகிப் போயிருந்தது. எடுத்ததையெல்லாம் ஆர்லன்தான் வாளி வாளியாகச் சுமந்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. இரண்டாம் நாள் வென்டெலின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கி, யாரிடமும் எதுவும் கேட்காமல், அழுகல் மரத்தை வண்டியில் ஏற்றத் தொடங்கினான். ஷெரில் அவனைப் பார்த்து, "நீங்கதான் அந்த ஆளா?" என்றாள். "ஆமா," என்றான். "சுத்தியலைத் தொடாதீங்க," என்றாள். "தொடல," என்றான். எனக்கு அவன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஆர்லன் கொல்லைப்பக்கம் வந்து நின்றான். தலையிலிருந்து பாதம் வரை கருப்புத் தூசி. காதுக்குள், சுவரில் குளிருக்கு அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு. சட்டைக் கழுத்தில் வவ்வால் புழுக்கை. கொல்லையில் இருந்த நீராவிக் குளியல் அறையில் நான் அடுப்பு மூட்டியிருந்தேன். அவன் என்னருகே வந்து, முத்தம் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாதவன் போல ஒரு கை தூரத்தில் நின்றான்.

"இங்கயே இருக்கறியா?" என்றான். "சுத்தி வளைக்காமச் சொல்லு."

"அந்த ரூம்ல இனிமே படுக்க மாட்டேன். புதுச் சுவரா இருந்தாலும் முடியாது. கிழக்கு ரூமைக் காலி பண்ணிக் குடு, அங்க இருக்கேன்."

"சரி."

"அப்பறம், நீ நாறுறே ஆர்லன். கிட்டயே வர முடியல."

அவன் தன் சட்டையை இழுத்து மோந்து பார்த்தான். முகம் கோணியது.

"ஆமா," என்றான். "சகிக்கல."

அவன் சட்டைப் பொத்தான்களை நானே ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை விரல் நுனியால் பிடித்துக் கொண்டுபோய், குளியல் அறை அடுப்பில் எரிந்துகொண்டிருந்த தீயில் போட்டேன்.